காரில் ஏசி போட்டால் வெறும் காற்றுதான் வருதா? கம்ப்ரசர் ஆன் ஆகாததற்கு என்ன காரணம்? கண்டுபிடிப்பது எப்படி? முழு விளக்கம்

சித்திரை வெயில். மதியம் 2 மணி. சிக்னலில் கார் நிற்கிறது. ஏசி பட்டனில் விளக்கு எரிகிறது, ப்ளோயரில் காற்றும் வருகிறது. ஆனால் வருவது அனல் காற்று. பின் சீட்டில் குழந்தை அழ ஆரம்பிக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியில் தெரியும் முதல் ஏசி கடையில் வண்டியை நிறுத்துகிறார்கள். பானெட்டைத் திறந்து பார்த்த இரண்டாவது நிமிடமே பதில் வருகிறது: "கம்ப்ரசர் போயிடுச்சு சார், மாத்தணும்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. சில கார்களில் அது லட்சத்தை நெருங்கவும் செய்யும். உண்மையிலேயே கம்ப்ரசர் போயிருந்தால் வேறு வழியில்லை. ஆனால் கம்ப்ரசர் ஓடவில்லை என்பதும், கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஓடச் சொல்லும் உத்தரவு அதற்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, எலி கடித்த ஒரு வயர், குறைந்துபோன கேஸ் என்று காரணம் சின்னதாகவும் இருக்கலாம்.

எது என்று கண்டுபிடிப்பது எப்படி? கார் வைத்திருப்பவர்கள் தாங்களே பார்க்கக்கூடியது எது, மெக்கானிக்கிடம் விட வேண்டியது எது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கம்ப்ரசர் என்ன வேலை செய்கிறது?

ஏசி என்பது குளிரைத் தயாரிக்கும் மெஷின் அல்ல. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடு. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்வது கேஸ். கேஸைச் சுற்றவிடும் பம்ப்தான் கம்ப்ரசர்.

கம்ப்ரசர் கேஸை அழுத்தி, சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு கேஸ் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன துவாரம் வழியாகப் பாய்ந்து, டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் காயில் வழியே ப்ளோயர் ஊதும் காற்றுதான் நமக்குக் குளிராக வருகிறது.

கம்ப்ரசர் ஓடாவிட்டால் இந்தச் சுற்று நின்றுவிடும். ப்ளோயர் மட்டும் தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கும். "காற்று வருது, கூலிங் வரலை" என்பதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான்.

கோடையில் மட்டும்தான் இது பிரச்சனை என்றும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் நீராவியைச் சீக்கிரம் விலக்குவதும் ஏசிதான். கொட்டும் மழையில், இரவில், ஏசி இல்லாமல் ஓட்டியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

'டிக்' சத்தத்தின் ரகசியம்

பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரசருக்கு முன்னால் ஒரு புல்லி இருக்கும். இன்ஜின் பெல்ட் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏசி ஆஃப்-ல் இருந்தாலும்கூட. ஆனால் புல்லி சுற்றுவதால் மட்டும் கம்ப்ரசர் ஓடாது. இரண்டுக்கும் நடுவில் மின்காந்த கிளட்ச் ஒன்று இருக்கிறது.

ஏசி பட்டனை அழுத்தினால் கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் போகும். காயில் காந்தமாகி, முன்னால் இருக்கும் தட்டை 'டிக்' என்று இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கும். அப்போதுதான் கம்ப்ரசரின் உள் ஷாஃப்ட் சுற்றும். கரண்ட் நின்றால் தட்டு பின்வாங்கிவிடும்.

இந்த கிளட்ச் இல்லாத காலமும் இருந்தது. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940-ம் ஆண்டு மாடல் கார்களில் ஏசி பொருத்திக் கொடுத்தது. அதில் கம்ப்ரசர் கிளட்ச் கிடையாது. ஏசியே வேண்டாம் என்றால், வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று ஒரு பட்டனில் முடிகிற வேலைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்ன கிளட்ச்தான். பழுது தேடுவதும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை: கம்ப்ரசர் ஓடுதா, இல்லையா?

வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசியை ஆன், ஆஃப் செய்யட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து கம்ப்ரசர் புல்லியின் முன்பக்கத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

புல்லியின் வெளிவட்டம் சுற்றுகிறது, நடுவில் இருக்கும் தட்டு சும்மா நிற்கிறது என்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. நடுத்தட்டும் சேர்ந்து சுற்றினால் கம்ப்ரசர் ஓடுகிறது. ஓடியும் குளிர் வரவில்லை என்றால் அது வேறு பிரச்சனை.

கவனம்: துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொங்கும் ஐடி கார்டு, தளர்வான சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகவே கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். இன்ஜின் ஓடும்போது கை உள்ளே போகக்கூடாது.

இன்னொரு விஷயம். சில கார்களில் இந்த கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரசர் எப்போதும் சுற்றும், உள்ளே இருக்கும் கன்ட்ரோல் வால்வு மட்டும் எவ்வளவு கேஸ் அழுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும். அந்த வண்டிகளில் 'டிக்' சத்தம் வரவே வராது. அதைப் பார்த்துவிட்டு "கிளட்ச் பிடிக்கலை" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். உங்கள் வண்டி எந்த வகை என்று சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை வண்டிக்கு ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க முடியும்.

ஒரு பட்டன், பல அனுமதிகள்

ஏசி பட்டனை அழுத்தியதும் கரண்ட் நேராகக் கம்ப்ரசருக்குப் போய்விடாது. அந்தப் பட்டன் ஒரு விண்ணப்பம் மாதிரி. பல மேஜைகளில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கம்ப்ரசருக்கு ஆர்டர் போகும்.

1. ப்ளோயர் ஓடுகிறதா?
2. கூலிங் காயில் உறையும் அளவுக்குக் குளிர்ந்துவிடவில்லையே?
3. கேஸ் பிரஷர் மிகக் குறைவாகவோ, மிக அதிகமாகவோ இல்லையே?
4. இன்ஜின் ஓவர்ஹீட் ஆகவில்லையே?
5. எல்லாம் சரி என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ, ரிலேவை ஆன் செய்யும்.
6. ரிலே வழியாக ஃபியூஸ், வயர், கடைசியில் கிளட்ச் காயில்.

இதில் எந்த மேஜையில் ஃபைல் நின்றாலும் கம்ப்ரசர் ஓடாது. கம்ப்ரசர் நல்ல நிலையில் இருக்கும், ஆனால் வெளியே இருந்து பார்த்தால் செத்துப்போனது போலத்தான் தெரியும். எங்கே நிற்கிறது என்று தேடுவதுதான் பழுது பார்ப்பது.

ஸ்டெப் 1: காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

ப்ளோயரை ஆன் செய்யுங்கள். பல கார்களில் ப்ளோயர் பூஜ்யத்தில் இருந்தால் ஏசி ஆன் ஆகாது. ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் என்றால் வெப்பநிலையை ஆகக் குறைவாக வையுங்கள்.

ஏசி பட்டன் விளக்கைக் கவனியுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் பிரச்சனை டேஷ்போர்டு பக்கத்தில், சுவிட்ச்சிலோ அதற்கு வரும் ஃபியூஸிலோ இருக்கலாம். எரிந்து அணைந்து சிமிட்டினால், பல கார்களில் அது பழுதைக் காட்டும் அடையாளம்.

டெம்பரேச்சர் மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் அதிகச் சூடானால் ஈசியூ முதலில் நிறுத்துவது ஏசியைத்தான். அது பழுதல்ல, பாதுகாப்பு. ஏசியை விட்டுவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, கூலன்ட் பிரச்சனையைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வேகமாக ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது சில நொடிகள் கம்ப்ரசர் கட் ஆவதும் பல வண்டிகளில் இயல்பானதே.

கடைசியாக வயரிங். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி, அரிசி மூட்டை பக்கத்தில் நிற்கும் வண்டி, தெருவோரம் நிற்கும் வண்டி... எலிக்கு எல்லாம் ஒன்றுதான். இன்ஜினை ஆஃப் செய்து, ஆறவிட்டு, கம்ப்ரசருக்குப் போகும் வயரையும் கப்ளரையும் பாருங்கள். கடித்த தடம், கழன்ற கப்ளர், பச்சை பூத்த பின் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டெப் 2: ஃபியூஸும் ரிலேவும்

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸின் மூடியிலேயே எது எந்த ஃபியூஸ் என்று வரைந்திருப்பார்கள். ஏசி அல்லது கம்ப்ரசர் என்று குறித்த ஃபியூஸை இழுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள்.

புதிய ஃபியூஸும் உடனே போனால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கிளட்ச் காயிலோ வயரோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடுவது, கம்பி சுற்றி வைப்பது இரண்டுமே வண்டி தீப்பிடிக்க வழி. ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும்.

அடுத்து ரிலே. இதைச் செக் செய்ய எளிய வழி உண்டு. அதே பாக்ஸில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே வகை ரிலே இருக்கும். மேலே அச்சிட்ட எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றாக இருந்தால், இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஏசி வேலை செய்து, ஹாரன் வேலை செய்யாமல் போனால் குற்றவாளி ரிலேதான். இதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும்.

ஸ்டெப் 3: வழக்கைப் பிரிக்கும் ஒரு கேள்வி

ஃபியூஸ், ரிலே நன்றாக இருக்கிறது. இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வருதா, வரலையா?

இதற்கு மல்டிமீட்டர் போதும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். கம்ப்ரசர் கப்ளரில் மீட்டரை இணைத்து வைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஏசியை ஆன் செய்து பார்க்க வேண்டும்.

வோல்டேஜ் வருகிறது, கிளட்ச் பிடிக்கவில்லை என்றால்: பிரச்சனை கம்ப்ரசரின் முன்பக்கத்தில். காயில், எர்த், அல்லது கிளட்ச் இடைவெளி.

வோல்டேஜே வரவில்லை என்றால்: கம்ப்ரசர் மேல் பழி போட முடியாது. ஆர்டர் வழியில் நின்றிருக்கிறது. கேஸ் பிரஷர், சென்சார், வயரிங், ஈசியூ ஆகியவற்றைத் தேட வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் "கம்ப்ரசர் மாத்தணும்" என்று யார் சொன்னாலும், "காயிலுக்கு கரண்ட் வருதான்னு பாத்தீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும், மாட்டியபின் 8, 9 என்று விழும். வயரிலோ இணைப்பிலோ துரு ஏறியிருந்தால் இப்படி நடக்கும். எனவே கப்ளர் மாட்டிய நிலையில், பின்பக்கத்திலிருந்து அளப்பதுதான் சரி. பேட்டரி, ஆல்டர்னேட்டர் பலவீனமாக இருந்தாலும் கிளட்ச் பிடித்து நிற்கத் தேவையான வோல்டேஜ் கிடைக்காது.

கரண்ட் வருது, கிளட்ச் பிடிக்கலை: என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எர்த். சில கம்ப்ரசர்களில் காயிலுக்கு ஒரே வயர்தான் வரும். எர்த், கம்ப்ரசர் பாடி வழியாகக் கிடைக்கும். போல்ட்டில் துரு, பெயின்ட் இருந்தால் எர்த் கிடைக்காது.

அடுத்து காயில். மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் பெரும்பாலான 12 வோல்ட் காயில்கள் 3 முதல் 5 ஓம் வரை காட்டும். அதாவது சுமார் 3, 4 ஆம்பியர் கரண்ட் எடுக்கும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். பல கம்ப்ரசர்களுக்குக் காயிலும் கிளட்ச்சும் தனியாகக் கிடைக்கும். அந்த வேலையைப் பெரும்பாலும் கேஸை வெளியேற்றாமலே செய்துவிடலாம்.

மூன்றாவது, பலர் தவறவிடுவது: கிளட்ச் இடைவெளி. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பொதுவாக அரை மில்லிமீட்டரை ஒட்டியது. வருடக்கணக்கில் தேய்ந்து அது அகலமாகும். அப்போது காந்தத்தால் தட்டை இழுக்க முடியாது.

இதற்கு ஒரு தெளிவான அறிகுறி உண்டு. காலையில் ஏசி நன்றாக வேலை செய்யும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் நின்றுவிடும். வண்டி ஆறியதும் மறுபடி வரும். காரணம், காயில் சூடாகும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் கூடி காந்த சக்தி குறைகிறது. குளிர்ந்த காயில் இழுக்கும் தூரத்தைச் சூடான காயிலால் இழுக்க முடிவதில்லை. ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தால் பல வண்டிகளில் இது சரியாகிவிடும்.

கரண்டே வரலை: முதல் சந்தேகம் கேஸ் மேல்

கேஸ் வெகுவாகக் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் அல்லது சென்சார் கம்ப்ரசரை ஓட விடாது. பொதுவாகச் சுமார் 2 பாருக்குக் கீழே போனால் கட். ஏன் இந்த ஏற்பாடு? கம்ப்ரசருக்குத் தேவையான ஆயில், கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயில் இல்லாமல் ஓடுவதாக அர்த்தம். சில நிமிடங்களிலேயே உள்ளே தேய்ந்து இறுகிவிட வாய்ப்பு உண்டு. அதாவது, அந்தச் சின்ன சுவிட்ச் ஏசியை நிறுத்துவது உங்கள் பணத்தைக் காப்பாற்றத்தான்.

இன்றைய பல கார்களில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். புதிய மாடல்கள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். ஆர்-134ஏ இருக்கும் வண்டியில், ஏசியை ஆஃப் செய்து, இன்ஜின் ஆறியபின் கேஜ் மாட்டினால், 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். 35 டிகிரியில் 114 பிஎஸ்ஐ. கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல். கேஜ் 20, 30 என்று காட்டினால் கேஸ் ஏறக்குறைய காலி.

ஆனால் 97 காட்டிவிட்டால் கேஸ் முழுசாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. சிலிண்டரில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் எல்பிஜி பிரஷர் அப்படியே இருக்குமே, அதே கதைதான். அளவை அறிய ஒரே வழி, இருக்கும் கேஸை மெஷினில் எடுத்து எடை போடுவது.

சிலர் பிரஷர் சுவிட்ச்சின் இரண்டு வயரையும் ஒட்டிவிட்டு "இப்ப ஓடுது பாருங்க" என்பார்கள். பழைய வகை சுவிட்ச் உள்ள வண்டியில், கேஸ் இருப்பதை கேஜில் உறுதி செய்தபின், ஓரிரு நொடி சோதனைக்காக மட்டும் இதைச் செய்வது உண்டு. அப்படியே விட்டு ஓட்டினால் நல்ல கம்ப்ரசரும் போய்விடும். மூன்று வயர் வரும் சென்சாரில் இதைச் செய்யவே கூடாது.

"கேஸ் டாப்-அப் போட்டா சரியாயிடும்": உண்மையா?

பெட்ரோல் மாதிரி ஏசி கேஸ் செலவாகாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. பல வருடங்களில் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆனால் போன வருடம் அடித்த கேஸ் இந்த வருடம் இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

லீக் ஆகும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், கல் பட்ட கண்டென்சர், சர்வீஸ் வால்வு ஆகியவை வழக்கமான இடங்கள். நைட்ரஜன் நிரப்பி சோப்பு நுரை வைத்தும், யுவி டை கலந்து விளக்கு அடித்தும், எலக்ட்ரானிக் டிடெக்டர் வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

லீக்கைச் சரிசெய்தபின் வாக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். இதற்கு அரை மணி நேரமாவது தேவை. அதன் பிறகு பானெட் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கில் கேஸ் ஏற்ற வேண்டும். பல சிறிய கார்களில் இது அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். எனவே 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். "கைக்குக் குளிர்ச்சி தெரியுது, போதும்" என்று அடிக்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. பழைய ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தைச் சிதைத்ததால்தான் 1987-ம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, அது படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதனால் இந்த வகை கேஸ்களைக் குறைக்க 2016-ல் கிகாலி திருத்தம் கொண்டுவரப்பட்டது. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் பிடிக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

பிரஷர் கூடினாலும் நிற்கும்

கேஸ் குறைந்தால் மட்டுமல்ல, பிரஷர் மிக அதிகமானாலும் கம்ப்ரசர் கட் ஆகும். இது பொதுவாகச் சுமார் 30 பாரில் நடக்கும். ஓட்டும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் அனல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் ஃபேன். ஃபேன் சுற்றாவிட்டால் நிற்கும்போது கண்டென்சருக்குக் காற்று கிடைக்காது, பிரஷர் எகிறும், சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். கண்டென்சரில் தூசி, பூச்சி, சேறு அடைத்திருந்தாலும், கேஸ் அதிகமாக அடித்திருந்தாலும் இதேதான்.

இன்னொரு காவலாளி கூலிங் காயிலில் இருக்கும் தெர்மிஸ்டர் சென்சார். காயில் உறைநிலையை நெருங்கினால் ஐஸ் கட்டாமல் இருக்க அது கம்ப்ரசரை நிறுத்தும். சென்சாரே கெட்டுப்போய் "ரொம்பக் குளிரா இருக்கு" என்று பொய் சொன்னால், 40 டிகிரி வெயிலிலும் கம்ப்ரசர் ஓடாது. ஸ்கேனர் மாட்டி லைவ் டேட்டா பார்த்தால் இந்தப் பொய் உடனே பிடிபடும். கேஸ் பிரஷர், காயில் வெப்பநிலை, ஏசி கேட்ட சிக்னல், ரிலே உத்தரவு எல்லாம் ஒரே திரையில் தெரியும்.

கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டது என்பதற்கு அறிகுறிகள்

இன்ஜின் ஆஃப்-ல் இருக்கும்போது கிளட்ச்சின் நடுத்தட்டைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சீரான லேசான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் உள்ளே இறுகிவிட்டது. ஏசி போட்டவுடன் பெல்ட் கீச்சென்று கத்துவது, ரப்பர் கருகிய வாடை, இன்ஜின் திணறுவது, உள்ளே உலோகம் உரசும் சத்தம் ஆகியவையும் மோசமான அடையாளங்கள்.

குழாயைக் கழற்றும்போது ஆயிலில் கருப்புப் பிசுக்கும் உலோகத் துகளும் தெரிந்தால், கம்ப்ரசரை மட்டும் மாற்றி அனுப்புவது வீண் செலவு. துகள் கண்டென்சரிலும் வால்விலும் போய் உட்கார்ந்திருக்கும். குழாய்களை ஃப்ளஷ் செய்து, டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, தேவைப்பட்டால் கண்டென்சர் எல்லாவற்றையும் பார்க்காவிட்டால் புது கம்ப்ரசரும் கொஞ்ச நாளில் அதே கதிதான்.

புல்லி பேரிங் சத்தம் போடுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டர், சிலவற்றில் வாட்டர் பம்ப் எல்லாம் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. பேரிங் இறுகி பெல்ட் அறுந்தால் ஏசி மட்டுமல்ல, வண்டியே நடுவழியில் நிற்கும்.

அறிகுறியும் காரணமும்: ஒரே பார்வையில்

- காலையில் ஓடும், சூடானதும் நிற்கும்: கிளட்ச் இடைவெளி அல்லது காயில்
- ஓட்டும்போது குளிர்ச்சி, நின்றால் அனல்: கண்டென்சர் ஃபேன், அடைத்த கண்டென்சர்
- சில நொடிகளுக்கு ஒருமுறை 'டிக் டிக்' என்று ஆன், ஆஃப்: பெரும்பாலும் கேஸ் குறைவு
- திடீரென்று ஒரே நாளில் நின்றது: ஃபியூஸ், ரிலே, வயர், பெரிய லீக்
- பல வாரமாகக் குளிர்ச்சி குறைந்து, பிறகு நின்றது: மெதுவான கேஸ் லீக்
- மேடு ஏறும்போது, டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறுகிறது: இன்ஜின் கூலிங் பிரச்சனை

செய்யவே கூடாதவை

கேஸ் குழாயை நீங்களே கழற்றாதீர்கள். ஆர்-134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையறாவை ஏற்றிக்கொள்ளாதீர்கள். தீப்பிடிக்கும் கேஸுக்காக உங்கள் கார் ஏசி வடிவமைக்கப்படவில்லை. கூலிங் காயில் இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின் பக்கத்தில் என்பதை மறக்க வேண்டாம்.

எலக்ட்ரிக், ஹைபிரிட் கார் என்றால் பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது. பெரும்பாலும் அங்கே கம்ப்ரசரை ஓட்டுவது பெல்ட் அல்ல, உயிரைப் பறிக்கும் அளவு வோல்டேஜ். அதற்கான ஆயிலும் வேறு. அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான்.

ஏசி சரியானதைச் செக் செய்ய மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு உட்காராதீர்கள். மூடிய காரில் ஏசி போட்டுத் தூங்கவும் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வருதா?
2. கேஸ் பிரஷர் எவ்வளவு காட்டுச்சு?
3. லீக் எங்கேன்னு கண்டுபிடிச்சீங்களா?
4. காயில் மட்டும், கிளட்ச் மட்டும் தனியா மாத்த முடியுமா?
5. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீங்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். மீட்டரையும் கேஜையும் உங்கள் கண்முன்னே மாட்டிக் காட்டுவார்.

வராமல் தடுக்க

ஏசி தேவைப்படாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். ஆயில் சுற்றி, சீல்கள் காயாமல் இருக்கும். கண்டென்சரில் படியும் தூசியை மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். குளிர்ச்சி கொஞ்சம் குறையும்போதே லீக் பார்த்துவிட்டால், கம்ப்ரசர் வரைக்கும் செலவு போகாது.

அடுத்த முறை 'டிக்' சத்தம் கேட்கவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். ஃபியூஸ், ரிலே, வோல்டேஜ், கேஸ் பிரஷர் என்று வரிசையாகப் பாருங்கள். கம்ப்ரசர் மாற்றுவது அந்தப் பட்டியலில் கடைசி வரி.